லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்ற முடியுமா? நான் மாற்றிப் பார்த்தது

வீடு நீட்டிப்பு, கோயில் திருப்பணி என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாராவது கேட்டால் 3டி படம் போட்டுக் கொடுப்பது என் பகுதிநேர வேலை. அதற்கு வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய எச்பி எலைட்புக் 8570டபிள்யூ. நல்ல கனம், ஆனால் உழைக்கும். அண்மையில் ஒரு கோபுரப் படத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் திரை விட்டு விட்டு நகர ஆரம்பித்தது. கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று தேட ஆரம்பித்தேன்.

பெரும்பாலான லேப்டாப்புகளில் இது நடக்காத காரியம். கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். நான் இந்த வேலையில் இருப்பது தெரிந்து அக்கா மகனும் தன் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கீழ்மூடியைக் கழற்றிக் காட்டினேன். ரேமும் எஸ்எஸ்டியும் தவிர மாற்ற வேறெதுவும் இல்லை.

"அப்போ காசு குடுத்தாலும் முடியாதா மாமா?"

"மதர்போர்டையே மாத்தணும்டா. அந்தக் காசுக்கு வேற லேப்டாப்பே பார்க்கலாம்."

தண்டர்போல்ட் 3 என்ற அதிவேக இணைப்பு வாய் இருந்தால் வெளியே ஒரு பெட்டியில் டெஸ்க்டாப் கார்டை வைத்து இணைக்கலாம். அவனுடையதில் அதுவும் இல்லை. பாவம், முகம் தொங்கிப் போனது.

என் லேப்டாப் எம்எக்ஸ்எம் வகை. அதாவது கிராபிக்ஸ் சிப், அதன் நினைவகம் எல்லாம் தனி அட்டையில் இருக்கும், கழற்றி மாட்டலாம். பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்புகளிலும் சில கேமிங் லேப்டாப்புகளிலும் இதைப் பார்க்கலாம். ஸ்லாட் இருக்கிறதே என்று கண்ணில் பட்ட கார்டை வாங்கிவிட முடியாது. தலைவலியே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அளவு. எம்எக்ஸ்எம் 3.0-இல் ஏ வகை 82க்கு 70 மில்லிமீட்டர், பி வகை 82க்கு 105. என்னுடையது ஏ. இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஜிடிஎக்ஸ் 970எம் கார்டு பி வகை. உள்ளே உட்காரவே இடமில்லை. இடம் இருந்தாலும் அது இழுக்கும் மின்சாரத்துக்கும் கக்கும் சூட்டுக்கும் இந்த உடம்பு தாங்காது. சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் இன்னொரு சங்கடம். சிப்பின் உயரமோ திருகு ஓட்டைகளின் இடைவெளியோ கொஞ்சம் மாறினாலும் செம்புத் தகடு சிப்பில் சரியாக உட்காராது. இத்தனையும் பொருந்தி, லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் அந்தக் கார்டை ஏற்காவிட்டால் கறுப்புத் திரைதான். வேறு நிறுவன லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டு என்றால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோப்பில் அதன் அடையாள எண் இல்லாமல் போகலாம். பிறகு ஐஎன்எஃப் என்ற அந்தக் கோப்பைத் திருத்தி, விண்டோஸின் டிரைவர் கையொப்பச் சோதனையை அணைத்து மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு அதில் ஆர்வமில்லை.

ஆகவே சுலப வழியைப் பிடித்தேன். எச்பி தன் லேப்டாப் மாடல்களுக்குப் பராமரிப்புக் கையேடு வெளியிடும். அந்த மாடலில் எந்தெந்தக் கார்டுகள் வந்தன என்று உதிரிபாக எண்ணோடு அதில் இருக்கும். என்னிடம் இருந்தது குவாட்ரோ கே1000எம் கார்டு. அதே மாடலில் கே2000எம் கார்டும் வந்திருக்கிறது. முன்னது 45 வாட், பின்னது 55. இரண்டிலும் ஒரே ஜிகே107 சிப் என்பதால் பழைய ஹீட்சிங்கே போதும். அடாப்டரின் அடியில் பார்த்தேன், 150 வாட். சரி, தாங்கும். உதிரிபாக எண்ணைப் போட்டுத் தேடி இணையத்தில் வாங்கினேன்.

கார்டு வந்ததும், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்த வைக்கும் தெர்மல் பேட் தேடி, கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் அண்ணனிடம் போனேன். "அண்ணே, தெர்மல் பேட் இருக்கா?" "என்ன தடிமன் தம்பி?" பழைய பேடைக் கையோடு கொண்டு போனது நல்லதாயிற்று. நசுங்காத ஓரத்தை அளந்து அதே தடிமனில் வெட்டிக் கொடுத்தார். பேட் தடித்துவிட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது. மெலிந்தால் நினைவகச் சிப்புகள் காயும்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பேட்டரியைக் கழற்றியபின் கார்டைச் சாய்வாகச் செருக வேண்டும், தங்க நிறப் பற்கள் முழுதாக உள்ளே போகும்வரை. விட்டால் கார்டு மேலே எழும்பி நிற்கும். அதை மெல்ல அழுத்தித் திருக வேண்டும். ஹீட்சிங்க் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் சிப்பின் மூலை உடையும் அபாயம் உண்டு.

திரை வந்தது. எச்பி டிரைவர் மறுபேச்சில்லாமல் ஏறியது. கூடாக் கோர்கள், அதாவது சிப்பில் கணக்குப் போடும் அலகுகள், 192-இலிருந்து 384 ஆனாலும் வேகம் இரட்டிப்பாகவில்லை. கடிகார வேகம் குறைவு, நினைவகமோ அதே 128 பிட் டிடிஆர்3. கோபுரம் இப்போது தடங்கலின்றித் திரும்புகிறது, அது போதும். ஃபேன் சத்தம்தான் முன்னைவிடக் கூடுதல். பழைய கார்டு, புதிய கார்டு இரண்டுமே 2012-இல் வந்த என்விடியாவின் கெப்ளர் தலைமுறை. புது டிரைவர்கள் நின்று போய்விட்டன. அதனால் 3டி மென்பொருளைப் பழைய பதிப்பிலேயே வைத்திருக்கிறேன்.

கழற்றிய கே1000எம் கார்டை விளம்பரத்தில் போட்டிருக்கிறேன், உதிரிபாக எண் தெரியும்படி படம் எடுத்து. வேறு மாடல் வைத்திருப்பவர்கள்தான் விடாமல் கேட்கிறார்கள், "இதுக்குப் பொருந்துமா?" என்று.