வீராவுக்கு கியர் புஷ் மாற்றிய கதை

எங்கள் வீட்டில் ஓடுவது பழைய புரோட்டான் வீரா கார், 1.5 மேனுவல். கொஞ்ச காலமாகவே அதன் கியர் லீவர் நியூட்ரலில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கியர் போட்டால் கஞ்சிக்குள் கரண்டி விட்ட மாதிரி இருக்கும். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ சாலை நெரிசலில் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் ஐந்தில் போய் விழும். வண்டி திணறும், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். போர்மன் (தலைமை மெக்கானிக்) ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, “கியர்பாக்ஸ் இறக்கணும்” என்று ஒரு தொகை சொன்னார். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான். ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் ‘கர்ர்’ என்று அரைத்தால் சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி இணையவைக்கும் பாகம், தேய்ந்திருக்கலாம். எங்கள் வண்டியில் எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் ஒரே ஆட்டம்தான்.

அப்புறம் மச்சானை உள்ளே உட்காரவைத்து, நான் பானட்டைத் திறந்து குனிந்தேன். கியர்பாக்ஸ் மேல் இரண்டு கேபிள்கள் வந்து சேரும். ஒன்று லீவரின் முன்பின் அசைவுக்கு, மற்றது இடவல அசைவுக்கு. “ஆட்டு மச்சான்” என்றேன். இடவலக் கேபிளின் கண் (நுனியில் இருக்கும் வளையம்) நகர்கிறது, அது பிடித்திருக்கும் ஆணி நகரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆட்டமில்லாமல் பிடித்திருக்க வேண்டிய புஷ் (bush) என்ற சின்ன வளையம் கருகி, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மூன்று ஐந்தாக மாறியதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டுப் பிடிப்பு போய்விட்டால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்றே லீவருக்குத் தெரியாது.

ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் பழைய துண்டைக் காட்டி வாங்கினேன், விலை சில வெள்ளிதான் (ரிங்கிட்). பித்தளை புஷ்ஷும் இருந்தது. உழைக்கும், ஆனால் எஞ்சின் அதிர்வெல்லாம் கைக்கு வரும் என்பதால் வேண்டாம் என்றேன்.

செந்தூலில் எங்கள் பிளாட் கார் பார்க்கில் வைத்தே செய்தோம். ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்தோம், கியரை நியூட்ரலில் விட வேண்டியிருக்கும். பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்தால்தான் கை நுழையும். கேபிள் கழன்றுவிடாமல் பூட்டிவைக்கும் ஸ்பிளிட் பின் துருப்பிடித்திருந்தது, அதை உருவுவதற்குள் உயிர் போய்விட்டது. நுனி முறிந்து, நோஸ் பிளையரால் திருகித் திருகித்தான் வந்தது. புது பின் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். புஷ் கண்ணுக்குள் இறங்க அடம்பிடித்தது. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துப் பெருவிரலால் அழுத்தினேன், ‘டப்’பென்று உட்கார்ந்தது. சிலிக்கான் கிரீஸ்தான் தடவினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். கையோடு மற்ற கேபிள் புஷ்ஷையும், லீவர் அடியில் இருப்பதையும் மாற்றிவிட்டோம். கன்சோலைக் கழற்றினால் அதுவும் எட்டிவிடும்.

மூன்று இப்போது மூன்றிலேயே விழுகிறது. ரிவர்ஸ் போடும்போது மட்டும் சில சமயம் லேசாகக் கரகரக்கும். பழைய கியர்பாக்ஸ் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்து ஒரு நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் இல்லை.