எங்கள் கடைக் கட்டடத்தில் போன பதினான்கு அடி

2016 அக்டோபரில் ஒரு நாள் காலை டீக்கடை அண்ணன் போன் செய்தார். "தம்பி, நம்ம சுவத்துல சிவப்பு பெயிண்ட்ல கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க. என் பாய்லர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு." அந்தப் பக்கம் என்றால் ரோட்டுப் பக்கம்.

தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கப் போகிறார்கள் என்று ஐந்து வருடமாகப் பேச்சு இருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கட்டடம் பேரூராட்சிக் கடைவீதியில் இருக்கிறது. 32 அடி முகப்பு, 36 அடி ஆழம், 1991-ல் தாத்தா கட்டியது. கீழே டீக்கடை, செல்போன் கடை, உரக்கடை. மாடியில் ஒரு டியூஷன் சென்டர். நான்கும் சேர்த்து மாதம் 31,000 ரூபாய் வாடகை. கோடு முகப்பிலிருந்து 14 அடி உள்ளே விழுந்திருந்தது.

கோட்டைப் பார்த்த பிறகுதான் விசாரித்தோம். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் அறிவிக்கை ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழில், சர்வே எண்களோடு முழுப் பக்கம். ஆட்சேபிக்க 21 நாள் உண்டு. எங்களுக்கு மிச்சம் இருந்தது ஆறு நாள். ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தோம், நிராகரித்தார்கள். சாலை வேண்டாம் என்று சொல்லி ஜெயிப்பது நடக்கிற காரியம் இல்லை. இருந்தாலும் அந்த மனுவில் "இது வணிகக் கட்டடம்" என்று எழுதி ஒப்புகை வாங்கி வைத்தது பின்னால் உதவியது. இன்னொன்று, சட்டப்படி நிலத்தின் மதிப்பு இந்த 3ஏ அறிவிக்கை வந்த தேதியில் எவ்வளவோ அவ்வளவுதான். பணம் எப்போது வந்தாலும் சரி, கணக்கு அந்தத் தேதியிலேயே நின்றுவிடும்.

அப்புறம் கூட்டு அளவீட்டுக்கு வந்தார்கள். சர்வேயர், வி.ஏ.ஓ., பொறியாளர் ஒருவர், டேப் பிடிக்க இரண்டு பையன்கள். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார், நான் பக்கத்திலேயே நின்றேன். இருவருமே அந்தத் தாளைப் படிக்கவில்லை. முன்பக்கம் இருந்த போர்வெல்லும் செப்டிக் டேங்கும் அதில் இல்லை என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று ஷட்டர்களில் இரண்டுதான் கணக்கில் இருந்தன. மூன்றாவது அன்றைக்குத் திறந்து மேலே சுருண்டு இருந்தது. அதனால்தான் விட்டுப் போயிருக்கும் என்பது என் ஊகம். யாராவது என்னிடம் ஒரே ஒரு ஆலோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வக்கீலுக்குச் செலவழிப்பதற்கு முன் அந்த ஒரு நாளைக்கு உங்கள் சொந்தப் பொறியாளரைக் கூட்டி வந்து நிறுத்துங்கள்.

2017 செப்டம்பரில், நிலத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் 3டி பிரகடனம் வந்தது. 3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் இது வரவேண்டும், வராவிட்டால் முதலில் வந்தது காலாவதி. எங்களுக்குச் சரியாக வந்துவிட்டது. அன்றோடு அந்த 14 அடி மத்திய அரசுக்குச் சொந்தம். நாங்கள் ஷட்டரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

2018 மே மாதம் இழப்பீட்டு அவார்டு கைக்கு வந்தது. நிலம் 448 சதுர அடி. அதற்கு வைத்த மதிப்பு ஏக்கருக்கு 12 லட்சம், அதாவது சதுர அடிக்கு இருபத்தேழரை ரூபாய். மொத்தம் 12,342 ரூபாய். 2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலைக்கும் பொருந்துவதால், நிலத்தைப் பறிகொடுப்பதற்கு ஆறுதல் தொகை என்று இன்னொரு மடங்கு, மேலே வருடத்துக்கு 12 சதவீதம் கூடுதல். எல்லாம் சேர்த்து 27,000 சொச்சம். கடைவீதியில் முகப்பு நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாத வாடகைகூட இல்லை. அப்பா அந்தத் தாளை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு சைபர் விட்டுப் போயிருக்குமோ என்று.

சைபர் விட்டுப் போகவில்லை. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் எங்கள் சர்வே எண் இன்னும் நஞ்சை. 25 வருடமாகக் கடை நடக்கிறது, பேரூராட்சி வணிக விகிதத்தில் வரி வாங்குகிறது, மின் இணைப்பு வணிகக் கட்டண வீதம் ஐந்தில் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் அங்கே நெல் விளைகிறது. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் எங்களுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. தெருப் பெயரில் தேடினால் சதுர அடி 850 ரூபாய், சர்வே எண்ணில் தேடினால் ஏக்கர் 12 லட்சம். அலுவலகம் சர்வே எண்ணில் தேடியிருந்தது. நிலத்தின் வகைப்பாட்டை மாற்றச் சொல்லி ஒரு மனு போடத் தாத்தாவுக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. நஞ்சையாக இருந்தால் தீர்வை குறைவுதானே என்று விட்டுவிட்டார்கள்.

கட்டடத்துக்குப் பரவாயில்லை. பொதுப்பணித் துறை விகிதத்தில் போட்டு, 25 வருடத் தேய்மானம் கழித்து, 5,10,000. அதற்கும் நூறு சதவீத ஆறுதல் தொகை உண்டு, ஆக 10,20,000. ஆனால் இரண்டு தளத்திலும் 14 அடி வரைக்கும்தான் அளந்திருந்தார்கள். எங்கள் நடுத்தூண் வரிசை இருப்பது 18-வது அடியில். 14-ல் வெட்டினால் முன்தூண்கள் போய்விடும், நாலடி மேல்தளம் தாங்க ஆளில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். காகிதத்தில் 14 அடி போகிறது, கட்டடத்தில் போவது அதைவிட அதிகம்.

இதற்கெல்லாம் முன்னால் பணத்தை வாங்குவதே பெரும்பாடு. பட்டா தாத்தா பெயரில். அவர் 1993-ல் போய்விட்டார். அடுத்த வருடம் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கூர்ச்சீட்டு எழுதிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. கடை அப்பாவுக்கு, வயல் சித்தப்பாவுக்கு. அதில் அத்தை பெயரே இல்லை. தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை, ஆகவே அத்தையும் சம வாரிசு. வாரிசுகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய விஷயம் சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடும், பணமும் கூடவே போய் அங்கே உட்காரும். சித்தப்பா திருப்பூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அத்தை, "கையெழுத்துப் போடுறேன்ணா, ஆனா வர்றதுல எனக்கும் ஒரு பங்கு குடுத்துரு" என்றார். அப்பாவுக்கு இரண்டு நாள் கோபம். எனக்கு அத்தை கேட்டதில் தவறே தெரியவில்லை. கொடுத்தோம், அத்தை கடையில் தன் உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் எல்லாம் சேர்ந்து எட்டு மாதம்.

வந்த பணத்தில் 10 சதவீதம் வருமான வரி என்று பிடித்திருந்தார்கள். எங்கள் ஆடிட்டர் மத்திய நேரடி வரி வாரியம் 2016-ல் வெளியிட்ட 36-ஆம் எண் சுற்றறிக்கையை வைத்து, இந்த இழப்பீட்டுக்கு வரி இல்லை என்று கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக் கொடுத்தார்.

தொகையை ஒப்புக்கொள்ளாதவர்கள் போவது நடுவரிடம். இங்கே மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். பணத்தை வாங்கிக்கொண்டால் கேஸ் போட முடியாது என்று ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்சேபத்தோடு பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். மனு போட்டது 2018 கடைசியில்.

வக்கீல் முதலில் கேட்டது பக்கத்துக் கிரயப் பத்திரங்கள். 2013 சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. முந்தைய மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களை எடுத்து, அவற்றில் விலை கூடிய பாதியை மட்டும் வைத்துச் சராசரி பார்க்க வேண்டும். வழிகாட்டி மதிப்பு, இந்தச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கேட்டதும் எனக்குச் சந்தோஷம். எதிர் வரிசையில் ஒரு கடை சதுர அடி 2,200-க்குக் கைமாறியது ஊருக்கே தெரியும். வில்லங்கம் போட்டு நகல் எடுத்துப் பார்த்தால் பத்திரத்தில் 850. கடைவீதியில் அந்த மூன்று வருடத்தில் பதிவானது நான்கே கிரயம். இரண்டு 850, ஒன்று 860. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க எல்லோரும் வழிகாட்டி மதிப்பிலேயே நிறுத்திக்கொண்டார்கள். நான்காவதில் மட்டும் 1,400 இருந்தது. வாங்கியவர் வங்கிக் கடனில் வாங்கியவர், கடன் தொகைக்காக விலையைக் கூட்டி எழுத வேண்டியிருந்தது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். நான்கில் கூடிய பாதி என்றால் 1,400-ம் 860-ம். சராசரி 1,130.

வாடகை இழப்புக்கும் கேட்கலாம். நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி பிரிவின் ஏழாவது உட்பிரிவில், மிச்சச் சொத்துக்கும் உரிமையாளரின் வருமானத்துக்கும் ஏற்படும் சேதத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லியிருக்கிறது. வக்கீல் ஒப்பந்தங்களைக் கேட்டார். அப்பா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செல்போன் கடையிடம் வாங்குவது 11,000, ஒப்பந்தத்தில் 6,000. உரக்கடை 9,000, காகிதத்தில் 5,000. டியூஷன் சென்டருக்கு 6,000, எழுதியது 5,000. மீதி 5,000 டீக்கடை, அதற்கு ஒப்பந்தமே கிடையாது, தாத்தா காலத்து வாய்ப்பேச்சு. ஆகக் கையில் வந்தது 31,000, கோர்ட்டுக்குக் காட்ட முடிந்தது 16,000. வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு 16,000 என்று எழுதிக்கொண்டார்.

டீக்கடை அண்ணனுக்கு வந்த சேதம் இதைவிட மோசம். சிறுவணிகர் பாதிக்கப்பட்டால் ஒரு தடவை தர வேண்டிய தொகையாகக் குறைந்தது 25,000 ரூபாய் 2013 சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அங்கே கடை வைத்திருந்ததற்கு அவரிடம் ஆதாரம் வேண்டுமே! ஒப்பந்தம் இல்லை, மின் இணைப்பு எங்கள் பெயரில். கடைசியில் பால் சொசைட்டிச் சீட்டுகளையும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த சான்றையும் தேடி எடுத்தார். அந்தச் சான்றில் எங்கள் கதவு எண் இருந்தது. அவருக்கு 25,000 வந்தது.

2019 ஜனவரியில் இடத்தை ஒப்படைக்க நோட்டீஸ் வந்தது, 60 நாள் கெடு. அவர்கள் பொக்லைன் கொண்டு வந்தால் 18-வது அடித் தூணும் ஆடிவிடும் என்று பயந்து நாங்களே ஆள் வைத்து வெட்டினோம். முதலில் 14 அடிக்கு ஒட்டிப் புதுத் தூண்கள் எழுப்பி, உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, அதன் பிறகுதான் வெட்டினது. கட்டர் மிஷின் சத்தம் ஒன்பது நாள் கேட்டது. வெட்டின இடத்தில் 1991-ல் போட்ட கம்பிகள் துருவே இல்லாமல் பளிச்சென்று நீட்டிக்கொண்டிருந்தன. தேய்மானம் கழித்தது இந்தக் கம்பிகளுக்குத்தான். போட்டோ எடுத்து அதையும் மனுவோடு சேர்த்தோம். புதுத் தூண், முகப்பு, ஷட்டர் எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்துக்கு மேல் ஆனது.

நடுவர் விசாரணை மூன்றரை வருடம். நடுவில் கொரோனா. ஆட்சியர்கள் மூன்று பேர் மாறினார்கள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. 2022 ஜூனில் உத்தரவு வந்தது. கட்டட அனுமதி, வரி ரசீது, மின் கட்டண அட்டை எல்லாம் பார்த்து நஞ்சை என்பதை ஆட்சியர் ஒதுக்கிவிட்டார். நிலத்துக்கு 1,130 வீதம் 5,06,240, அதற்கு ஆறுதல் தொகை. தூண் சேதத்துக்கு 2,40,000. போர்வெல்லும் விட்டுப்போன ஷட்டரும் சேர்ந்தன. செப்டிக் டேங்க் சேரவில்லை, கூட்டு அளவீட்டுத் தாளில் அப்பாவின் கையெழுத்தைக் காட்டினார்கள். வாடகைக்கு ஆறு மாதம், 16,000 வீதம் 96,000. கூடுதலாக வந்த தொகைக்கு, இடத்தை எடுத்த நாளிலிருந்து 9 சதவீதம் வட்டி.

மேலே போகலாமா என்று யோசித்தோம். நடுவர் தீர்ப்பின் மேல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். எங்கள் மாநிலத்து வழக்குகளிலேயே, சதுர மீட்டருக்கு 46 முதல் 83 ரூபாய் வரை கொடுத்திருந்ததை மாவட்ட நீதிமன்றம் 645 ஆக உயர்த்தியது உண்டு. அந்த வழக்குகளில்தான் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீதிமன்றம் தொகையை மாற்றி எழுத முடியாது, தீர்ப்பை ரத்து செய்ய மட்டுமே முடியும் என்று சொன்னது. அவர்களுக்குக் கிடைத்த 645-ல் மட்டும் கை வைக்கவில்லை. எங்கள் கதையில் ரத்தானால் திரும்ப முதலிலிருந்து. 2025-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, சில வரம்புகளுக்குள் மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது தாமதம். அப்பாவுக்கு அப்போதே 74. போதும் என்றார்.

இப்போது கடைகள் 22 அடி ஆழம். முன்னால் சர்வீஸ் ரோடு, நடுவில் தடுப்பு. எதிர்ப்பக்கத்து ஆட்கள் டீ குடிக்க அரை கிலோமீட்டர் சுற்றி வருவதில்லை.

2024 கடைசியில் செல்போன் கடைக்காரர் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தார். வாடகை 12,500 என்று பேசி முடித்தோம். எழுதும்போது மெதுவாக இழுத்தார்: "ஐயா, பத்திரத்துல ஏழாயிரம்னு போட்டுக்கலாமா? நீங்க ஜிஎஸ்டி-ல இல்லாததால அக்டோபர்லேர்ந்து வாடகைக்குப் பதினெட்டு சதவீதம் நான்தான் கட்டணும்னு ஆடிட்டர் சொல்றார்."

அப்பா என்னைப் பார்த்து, "பன்னெண்டாயிரத்து ஐநூறுன்னே எழுதுப்பா" என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "வேணும்னா வாடகையில ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்றார். அடித்துவிட்டு 11,500 என்று எழுதினேன்.