செங்காந்தளில் காய் பிடித்துவிட்டது

ஆடிப்பட்டத்தில் வைத்த செங்காந்தளில், அதாவது கண்வலிக்கிழங்கில், போன வருஷமும் பூ வந்தது, ஒன்றுகூடக் காயாகவில்லை. இந்த வருஷம் கொடி நிறையப் பச்சைக் காய். எல்லாம் கையால் மகரந்தம் தடவிவிட்ட வேலை.

இந்தப் பூவில் சூல்தண்டு சூல்பையை விட்டு வெளியே வந்ததும் செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொள்ளும். நுனியில் மகரந்தத் தூளை வாங்கும், மூன்றாகப் பிளந்த சூல்முடி. பக்கத்தில் ஆறு மகரந்தப் பை இருந்தும் தூள் தானாக வந்து விழ வழி குறைவு. அதனால் கையால் தடவ வேண்டும், அதைக் காலை எட்டு மணிக்கு மேல் பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும். பனி காயாமல் தொட்டால் தூள் கட்டிதட்டும். பெயிண்ட் பிரஷ் சுத்த தண்டம், தூளைத் தன் மயிருக்குள் வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. காது குடையும் பட்ஸ் பரவாயில்லை. அதைவிட, வெடித்த பையைக் காம்போடு கிள்ளி, சூல்முடியின் மூன்று பிளவிலும் நேராகத் தேய்த்துவிடுங்கள். வேறு கொடியின் பூவிலிருந்து கிள்ளினால் இன்னும் நல்லது. இதழ் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். முழுக்கச் சிவந்த பூவில் மெனக்கெடாதீர்கள்.

கிழங்கு தாராபுரம், மூலனூர் பக்கத்து விவசாயிகளிடம் கிடைக்கும். ஐம்பது, அறுபது கிராம் எடை போதும். கிழங்கு இரண்டு கவையாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு கவைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது. சாக்கில் குலுங்கி வந்ததை வாங்காதீர்கள், காய்ந்த மணலில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் என்பதால் தடிமனான கம்பம் உதவாது. வேலியில் ஒடித்த கிளுவைக் குச்சிதான் தோது.

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு வந்தால் குச்சியால் தட்டி எடுத்துவிடலாம். கொடி முழுக்க விஷம், கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் அதிகம். ஆடு, குழந்தைகள் எட்டாத இடமாக வையுங்கள், கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

 

காய் முற்ற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விதை போட மணல் தொட்டி தயார் செய்தாயிற்று. விதைக் கன்று பூக்க மூன்று நான்கு வருஷம் பிடிக்கும், இருந்தாலும் மஞ்சள் பூ ரகம் கிடைத்தால் அதையும் இதையும் கலந்து பார்க்கும் எண்ணம் இருக்கிறது. மஞ்சள் பூ ரகக் கிழங்கு வைத்திருப்பவர்கள் சொல்லுங்க.