தம்பியோட ஹார்ட் பூட்ஸும் கால் வலியும் – அம்பாசமுத்திரத்துல இருந்து

டிசம்பர் 20

தம்பி ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக்ல இருந்து வந்து சேந்தான், அங்க பனிமலையில பலகை மேல நின்னு சறுக்குத ஸ்னோபோர்டு போறவன். வாசப்படி ஏறும்போதே வலது காலத் தாங்கித் தாங்கி ஏறுதான், அம்மா முகம் வாடிப்போச்சு. "ஒண்ணுமில்லம்மா, பூட்ஸ் வலி, அங்க எல்லாருக்கும் இருக்கதுதான்"ங்கான். எல்லாருக்கும் இருந்தா அது வலி இல்லன்னு ஆயிருமா?

பிளேன்ல அவ்வளவு நேரம் மடக்கி வச்ச காலு, அதனால நான் முதல்ல பூட்ஸ் பக்கமே போகல, ரெண்டு கெண்டைக்காலையும் டேப் வச்சு அளந்தேன். ஒரு கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கோன்னு பயப்படணும், அப்படி இருந்திருந்தா ராத்திரியே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருப்பேன். ரெண்டும் ஒரே அளவு, சூடும் இல்ல. சாப்ட்டு தூங்குலேன்னு விட்டுட்டேன்.

டிசம்பர் 21

பொட்டியில பாதி இடம் அந்த பூட்ஸ்தான். ஸ்னோபோர்டு போற முக்கால்வாசிப் பேரு லேஸ் கட்டுத மெத்து பூட்ஸ்தான் போடுதாங்க, இது வேற, வெளிய கெட்டி பிளாஸ்டிக் ஓடு, நாலு பக்கிள், உள்ள கழட்டி எடுக்குத மாதிரி ஃபோம் லைனர். பலகைய விளிம்புல நல்லா சாய்ச்சு வேகமா வளையுததுக்கு இதுதான் தோது, ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல வளைஞ்சு வளைஞ்சு இறங்குத பேரலல் ஜெயன்ட் ஸ்லாலம் போட்டியில இதத்தான் மாட்டுதாங்க, 2018ல ஸ்கீயிங்லயும் ஸ்னோபோர்டுலயும் ஒரே ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்குன எஸ்டர் லெடெக்கா ஸ்னோபோர்டுக்குப் போட்டதும் இந்த மாதிரிதான். பேசும்போது அவன் கண்ணுல ஒரு வெளிச்சம், விட்டுருலேன்னு சொல்ல எனக்கு மனசே வரல.

ஹால்ல அரைமணி நேரம் போட்டு நிக்கச் சொன்னேன். கழட்டுன உடனே பாதத்த மடியில எடுத்து வச்சுப் பாத்தேன். முட்டிக்குக் கீழ முன்னெலும்பு மேல உள்ளங்கை அகலத்துக்கு பழுப்பேறுன பழைய கன்றல், பாதத்து மேல குறுக்க பக்கிள் இருந்த இடத்துல ஆழமா ஒரு தடம், சுண்டுவிரலுக்குப் பின்னால வெளிப்பக்கம் புடைச்சிருக்க எலும்புல காசு அளவு செவப்பு. ஆனா குதிங்கால்ல ஒரு தடமும் இல்ல. எனக்கு அதுதான் உறுத்துச்சு, பூட்ஸு இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடமே குதிங்கால்தான்.

முன்னெலும்ப மேல இருந்து கீழ வர விரலால அமுக்கிட்டே வந்தேன். ஒரே ஒரு புள்ளியில மட்டும் சுருக்குன்னு துள்ளுனா எலும்புல கீறல் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காம நகரக்கூடாது. இவனுக்குப் பரவலா வலிக்கி, அதனால கன்றல்தான்.

ஆச்சி நல்லெண்ணெயோட வந்து நின்னா. கெண்டைக்காலுக்குத் தாராளமா தேயுங்க ஆச்சி, உப்பு ஒத்தடமும் குடுங்க, முன்னெலும்ப மட்டும் தொடாதீங்கன்னு சொல்லி சம்மதிக்க வச்சேன்.

டிசம்பர் 23

லைனர கழட்டிட்டு வெறும் ஓட்டுக்குள்ள கால விட்டு, கட்டைவிரல் முன்னால லேசா தொடுத மாதிரி நிக்க வச்சேன். குதிங்காலுக்குப் பின்னால என் ஒரு விரல் போகுது, ரெண்டாவது திணறுது. அப்ப நீளம் சரிதான். இந்த பூட்ஸ் சைஸே பாதத்தோட சென்டிமீட்டர் நீளம்தான், அதனால பேப்பர்ல நின்னு கோடு போட்டு அளந்தாலே கிட்டத்தட்ட தெரிஞ்சிரும்.

பின்ன ஏன் இவ்வளவு வலின்னா, கனத்த சாக்ஸ் ரெண்டு ஜோடி போடுதான், உள்ள வழுக்குது. பாதத்தோட உள்வளைவுக்கு அடியில தாங்க ஒண்ணுமில்ல, பாரம் ஏறுனதும் பாதம் தட்டையாகி அகலமாவுது. குதிங்கால் மேல எழும்புது, எழும்புனா ஒவ்வொரு வளைவுக்கும் முன்னெலும்பு போய் பூட்ஸ் நாக்குல மோதுது, மோதுதேன்னு இவன் பக்கிள இன்னும் ஒரு பல்லு ஏத்துதான், ஏத்துனா பாதத்து மேல ஓடுத நரம்பு நசுங்கி விரல் மரத்துப் போகுது, மரத்த விரல மடக்கி மடக்கி தரையப் பிடிக்கப் பாக்குதான், அதுல உள்ளங்கால் குரக்களி பிடிக்கி. ஒரு வலியில இருந்து அடுத்த வலி. இறுக்குதது இதுக்கு மருந்தே இல்லலேன்னு காலையில இருந்து சொல்லிட்டு இருக்கேன்.

டிசம்பர் 24

செவுத்துக்கு முன்னால நின்னு குதிங்கால் எழும்பாம முட்டிய செவுத்துல தொடச் சொன்னேன். நல்ல கணுக்காலுக்கு பெருவிரலுக்கும் செவுத்துக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டர் கிட்ட வரணும், இவனுக்குப் பாதி கூட வரல. குத்த வச்சு உக்காரச் சொன்னா பின்னால சாயுதான். ஆச்சி இந்த வயசுலயும் குத்த வச்சுதான் காய் நறுக்குதா, இவன் நாற்காலியிலயே இருந்து கணுக்கால் இறுகிப் போச்சு. முன்னால சாய்ஞ்ச பூட்ஸுக்குள்ள இப்படி மடங்காத கால வச்சா குதிங்கால் எழும்பத்தான் செய்யும். காலையும் சாயங்காலமும் படியில நின்னு கெண்டைக்கால் நீட்டுதான், முட்டிய நீட்டி ஒருக்கா, மடக்கி ஒருக்கா.

டிசம்பர் 27

எங்க கிளினிக் சுகர் பேஷன்ட்டுக்கெல்லாம் எம்.சி.ஆர்.ங்கற மெத்து ரப்பர்ல செருப்பு செஞ்சு தருத அண்ணாச்சிகிட்ட போனோம். பூட்ஸ கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, "இதுக்குள்ள எப்படிம்மா கால வைக்காங்க"ன்னாரு. எம்.சி.ஆர். மட்டும் வச்சா ரொம்ப அமுங்கிரும், அதனால அடியில கெட்டித் தோல் ஒட்டி, உள்வளைவுக்கு மேடு வச்சு, ஓரத்தச் சீவிச் சீவி லைனருக்குள்ள உக்காருத மாதிரி ஆக்கிக் குடுத்தாரு. அந்தக் கை நுணுக்கம் மிஷினுக்கு வராது. திரும்புத வழியில ரெண்டு பக்கமும் பிசானப் பயிரு பச்சையா நிக்கி, தம்பி வண்டிய நிப்பாட்டச் சொல்லி கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தான்.

டிசம்பர் 29

இன்னைக்குத்தான் லைனருக்குச் சூடு வச்சோம். சூட்டுல இளகி கால் வடிவத்துக்கு வருத ஃபோம் இது, லைனர்ல அப்படி எழுதியிருந்தாத்தான் செய்யணும், எல்லாத்துக்கும் ஆகாது. அதுக்குன்னு கடைக்காரங்ககிட்ட மிஷின் உண்டு, அது இல்லாத இடத்துல சாக்ஸுல அரிசியச் சூடு பண்ணி வைக்கிறது வழக்கமாம். நம்ம வீட்டுல ஏ.எஸ்.டி. 16 இருக்கு, 1986ல நம்ம அம்பை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த குண்டரிசி, சூட்ட நல்லாப் பிடிச்சு வைக்கும். ஆச்சிதான் இரும்புச் சட்டியில போட்டுக் கிண்டுனா. "சோத்தரிசிய கால்ல போடுதியளே"ன்னு வருத்தம், அப்புறம் பேரன் நொண்டுததப் பாத்துட்டு அவளே அளந்து தந்தா.

காட்டன் சாக்ஸுல நெரப்பி (நைலான் உருகிரும்) லைனருக்குள்ள திணிச்சு பத்து நிமிஷம் வச்சோம். அதுக்குள்ள அவன் கால்விரல் நுனியில ஒரு சின்ன ஃபோம் தொப்பி, அந்தச் செவந்த எலும்பு மேல ஒரு வட்டத் துண்டு, மேல ஒத்த மெல்லிய சாக்ஸ். அரிசிய எடுத்த வேகத்துல கால விட்டு, குதிங்கால தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னால உக்கார வச்சு, பக்கிள லேசா மாட்டி, முட்டிய கொஞ்சம் மடக்கி ஆடாம நிக்கச் சொன்னேன். ஆறினப்புறம் கழட்டிப் பாத்தா குதிங்கால்ல ரெண்டு பக்கமும் தடம்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 3

நாளைக்குக் கிளம்புதான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டுப் பழகுனான், மரப்பு இல்ல. எழுதிக் குடுத்தேன்: கணுக்கால் பக்கிள் நல்லாப் பிடிக்கட்டும், விரல் பக்கம் சும்மா மூடுனாப் போதும், மேல் பக்கிள ரெண்டு தடவ சறுக்கி இறங்கிட்டு ஏத்து, மலை மேல ஏத்துத லிஃப்ட்ல போகும்போது எல்லாத்தையும் தளர்த்து. பனியில போகும்போது மட்டும் கால் இறுகி மரத்து, நின்னா சரியாகி, திரும்பத் திரும்ப அப்படியே வந்தா அது பூட்ஸ் மட்டும் இல்ல, தசை உறைக்குள்ள அழுத்தம் ஏறுததா இருக்கலாம், டாக்டர்கிட்ட போ.

ஜனவரி 18

அக்ஸாமர் லிஸும் மலையில இருந்து வீடியோ கால் போட்டான். "யக்கா, முன்னெலும்பு வலிக்கவே இல்லக்கா". அம்மா ஸ்வாமி படத்தப் பாத்துக் கும்பிட்டா. வெளிப்பக்க எலும்பு மட்டும் இன்னும் கடிக்காம். அது லைனர்ல தீராது, வெளிய இருக்க பிளாஸ்டிக் ஓட்டையே அந்த இடத்துல சூடாக்கி வெளிய தள்ளணும், அத பூட்ஸ காலுக்குத் தக்க சரிபண்ணுத பூட்ஸ் ஃபிட்டர்தான் செய்யணும், வீட்டுல தொடக்கூடாது. எந்த இடம்னு காட்டத்தான் வழி சொன்னேன், அந்த எலும்பு மேல லிப்ஸ்டிக் தடவி வெறும் ஓட்டுக்குள்ள கால விட்டா உள்ள அச்சு விழும், அத ஃபிட்டர்கிட்ட காட்டு. வியாழக்கிழமை போறேன்னிருக்கான்.