இரண்டு பசைப் புள்ளிகள்

கைபேசி, கார், ஜிபிஎஸ் கருவி என்று எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும், மின்சாரம் தந்தால் மாறாத வேகத்தில் அதிர்ந்து கருவிக்கு நேரக் கணக்குக் கொடுப்பது அதுதான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெட்டிய கோணத்தைப் பற்றிப் பேசுவார்கள், சர்க்யூட்டைப் பற்றிப் பேசுவார்கள். மெல்லிய குவார்ட்ஸ் தகடான அந்தச் சில்லைப் பீங்கான் பெட்டிக்குள் பிடித்து வைத்திருக்கும் இரண்டு பசைப் புள்ளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலேசியாவில், சிலாங்கூரில் ஒரு கிரிஸ்டல் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்த பிறகு நான் உறுதியாகச் சொல்வேன், அந்தப் பசையும் கிரிஸ்டலின் ஒரு பாகம்தான். அதைத் தனியாகப் பிரித்து 'அசெம்பிளி வேலை' என்று ஒதுக்கினால் பிரச்சினை அங்கேதான் வந்து உட்காரும்.

கணக்கு இதுதான். குவார்ட்ஸ் சூட்டில் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரிவதில்லை. கிரிஸ்டலின் திசைகளுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று பெயர்; இசட் அச்சின் திசையில் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 7.5 பங்கு, அதற்குச் செங்குத்தாக சுமார் 13.7 பங்கு. நாங்கள் செய்வது ஏடி வெட்டு, அதாவது இசட் அச்சிலிருந்து 35 டிகிரி சொச்சம் சாய்த்து வெட்டிய சில்லு. அதில் நீளவாக்கு எக்ஸ் அச்சில் இருந்தால் அந்தப் பக்கம் 13.7, அகலவாக்கில் சுமார் 9.6. கீழே இருக்கும் அலுமினா பீங்கானுக்கு 7 அளவில்தான். ஆக, சில்லை நீளத்தின் இரு முனைகளிலும் ஒட்டினால் 2 மில்லிமீட்டர் தூரத்துக்கு 100 டிகிரி மாற்றத்தில் ஒரு மைக்ரானுக்கு மேல் இழுபறி வரும். ஒரே முனையில், அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்தால் அது கால் மைக்ரானாகக் குறைந்துவிடும், மறுமுனை தன்பாட்டுக்கு நீளலாம், சுருங்கலாம். சிறிய பெட்டிகளில் எல்லாம் சில்லு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஒரு மைக்ரான் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் 26 மெகாஹெர்ட்ஸ் சில்லின் பருமனே சுமார் 64 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அளவு. அதை விளிம்பில் லேசாக நசுக்கினாலும் வளைத்தாலும் குவார்ட்ஸின் மீள்தன்மை மாறுகிறது, அதோடு அதிர்வெண்ணும் நகர்கிறது. ஜிபிஎஸ்ஸுக்குப் போகும் வெப்ப ஈடு செய்யப்பட்ட ஆசிலேட்டரில், அதாவது சூடு மாறினாலும் அதிர்வெண் நகராதபடி திருத்திக்கொள்ளும் கருவியில், கேட்பது முழு வெப்ப வீச்சுக்கும் அரை பிபிஎம், பத்து லட்சத்தில் அரைப் பங்கு. அந்த அளவுக்குள் பசைக்கு மிஞ்சும் இடம் ரொம்பக் கொஞ்சம்.

எங்களுக்கு வந்த ஒரு தொல்லையைச் சொல்கிறேன். ஒரு சமயம் சில லாட்டுகள் (சேர்ந்து தயாரான தொகுதிகள்) அறை வெப்பத்தில் எல்லாச் சோதனையும் பாஸ். ஆனால் மைனஸ் 40லிருந்து 85 டிகிரி வரை ஏற்றி, திரும்ப இறக்கிப் பார்த்தால் ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதிர்வெண்ணுக்கு வேறு கோடு. ஏடி வெட்டின் வளைவு முப்படி வளைவு, அது எப்படி வளைந்தாலும் ஆசிலேட்டரில் கூடவே இருக்கும் ஐசி தன் கணக்கைப் போட்டுச் சமன் செய்துவிடும். ஆனால் ஒரே வெப்பநிலைக்கு இரண்டு அதிர்வெண் இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. அறை வெப்பத்தில் ஏன் தெரியவில்லை என்றால், கடைசியில் அயனிக் கற்றையால் தங்க மின்முனையைச் சுரண்டி அதிர்வெண்ணை 25 டிகிரியில் சரி செய்கிறோம் அல்லவா, அந்த நேரத்தில் சில்லில் எவ்வளவு தகைவு (உள்ளே தேங்கிய இழுப்பும் அழுத்தமும்) இருந்தாலும் அதையும் சேர்த்தே சரி செய்துவிடுகிறோம். தகைவு போகவில்லை, நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

கூட்டம் கூட்டமாகப் பேச்சு நடந்தது. வெட்டுக் கோணத்தைச் சந்தேகித்தோம், மூடியைச் சந்தேகித்தோம். பதில் லைனில் பசை போடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவிடம் இருந்தது. "தம்பி, காலைல சிரிஞ்ச் ஜில்லுன்னு இருக்கும், பசை இறங்காது. காத்தை ஏத்துவோம். அப்புறம் அதை யாரும் இறக்குறதில்ல" என்றார். வெள்ளித்தூள் கலந்த கடத்தும் பசையை உறைநிலைக்கும் கீழே வைத்திருந்து, பயன்படுத்தும் முன் அறை வெப்பத்துக்குக் கொண்டு வர வேண்டும். அவசரத்தில் அரைகுறையாக இளகிய சிரிஞ்சை மாட்டினால் முதலில் புள்ளி சின்னதாக விழும், அழுத்தத்தைக் கூட்டுவார்கள், சூடு ஏறியதும் அதே அழுத்தத்தில் பசை பரந்து விழும். எக்ஸ்ரேயில் பார்த்தோம், வெள்ளி என்பதால் நன்றாகவே தெரிந்தது: கோணல் கோடு வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் புள்ளி சில்லின் அடியில் நடுப்பகுதியை நோக்கி ஓடியிருந்தது. அதிர்வு நடுவில்தான் அடைபட்டு இருக்கிறது, விளிம்பு கிட்டத்தட்ட அமைதி. அந்த அமைதியான இடத்தை விட்டுப் பசை உள்ளே போனால் தகைவும் அதிர்கிற இடத்துக்கே போகிறது, தொடர் மின்தடையும், அதாவது அதிர்வில் வீணாகும் ஆற்றலின் அளவும், கூடுகிறது. கண்ணாடி அணிந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவரும் அந்த லைனில் அரை நாள் நின்று பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமான விஷயம். அந்த அக்காவின் பெயர் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், இடம்பெற்றது.

பசை எது என்பதும் தனி விவாதம். எபாக்சி கடினமானது, விரிவு வித்தியாசத்தை அப்படியே சில்லின் மீது தள்ளும். சிலிக்கோன் பசை அதைவிடப் பல மடங்கு விரியும், ஆனால் மிக மென்மையானது என்பதால் தள்ளும் விசை குறைவு. விரிவெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பசை தேர்ந்தெடுக்கிற புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சிலிக்கோனுக்கும் விலை உண்டு: மூடிய பெட்டிக்குள் ஆவி விடும், அது சில்லின் மேல் படிந்தால் அதிர்வெண் நாளடைவில் இறங்கும், அதனால் மூடும் முன் வெற்றிடத்தில் நன்றாகச் சுட வேண்டும். அதிர்ச்சி தாங்குவதிலும் கடினமான பசைக்குச் சில இடங்களில் மேன்மை இருக்கிறது. அப்புறம் இறுகும் வெப்பநிலை. பசை எந்த வெப்பத்தில் இறுகுகிறதோ ஏறக்குறைய அங்கேதான் தகைவு பூஜ்யம், அங்கிருந்து ஆற ஆறத் தகைவு சேர்கிறது. எனவே முதலில் குறைந்த சூட்டில் மெதுவாக உறைய விட்டு, பிறகு ஏற்றுவது நல்லது. நேரம் கூடுதலாகும், உற்பத்திப் பிரிவு முகம் சுளிக்கும், பரவாயில்லை. அதிர்வெண்ணைத் திருத்துவதற்கு முன்பே சுட்டு ஆற வைத்துத் தகைவைத் தளர விடுவதையும் யாருக்காகவும் குறைக்கக் கூடாது.

விலை ஒரு பொருட்டில்லை என்றால் வெட்டையே மாற்றலாம். 1970களின் நடுவில் எர்னிசே என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டிய எஸ்சி வெட்டு இரண்டு கோணங்களில் திருப்பி வெட்டப்படுவது, தளத்துக்குள் வரும் தகைவை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஏடி வெட்டிலேயே கூட வட்டச் சில்லை எக்ஸ் அச்சிலிருந்து சுமார் 60 அல்லது 120 டிகிரியில் இருபுறமும் அழுத்தினால் அதிர்வெண் நகர்வு கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. இதை முதன்முதலில் அளந்து பார்த்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை விளக்கத் தெரியவில்லை.

வாடிக்கையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். கிரிஸ்டலைப் பொருத்தும் எஃப்ஆர்-4 என்ற கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு, மேலே சொன்ன அதே கணக்கில், 14 முதல் 17 வரை விரிகிறது, பீங்கான் பெட்டி 7. நாங்கள் உள்ளே பார்த்துப் பார்த்துக் குறைத்த தகைவை நீங்கள் சால்டர் வழியாகத் திரும்ப ஏற்றிவிட முடியும். திருகு ஓட்டைக்குப் பக்கத்திலும், போர்டை உடைத்துப் பிரிக்கும் கோட்டின் ஓரத்திலும் கிரிஸ்டலை வைக்காதீர்கள். இடம் இருந்தால் சுற்றி 'ப' வடிவில் ஒரு வெட்டு விடுங்கள்.

இப்போது பெட்டிகள் 1.6க்கு 1.2 மில்லிமீட்டர், அதற்கும் கீழே என்று சுருங்கிக்கொண்டே போகின்றன. பசைப் புள்ளிக்கும் மின்முனைக்கும் இடையே தூரமே இல்லை. ஒரே குவார்ட்ஸ் தகட்டில் சட்டத்தையும் சில்லையும் சேர்த்தே அரித்தெடுத்து, மெல்லிய பாலத்தால் இணைத்து, மேலும் கீழும் குவார்ட்ஸ் மூடியே போடும் முறை வந்துவிட்டது. பசையே இல்லை, விரிவு வித்தியாசமும் கிட்டத்தட்ட இல்லை. என் கணிப்பில் சின்ன அளவுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். அதுவரை எங்கள் லைனில் சிரிஞ்ச் முழுதாக இளகியதா என்று நேரம் எழுதி ஒட்டிய பிறகுதான் மாட்டுகிறோம், மத்தியானம் புள்ளியின் அகலத்தை மறுபடி அளக்கிறோம்.