தகவமைப்பு மானியத்துக்குள் மோதல் கேள்விகளை எங்கே வைப்பது?

காலநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்க உள்ளாட்சிக்குத் தரும் பணம்தான் தகவமைப்பு மானியம். அதில் செய்யும் வேலை யாருக்கிடையே சண்டை மூட்டும் என்பதுதான் மோதல் கேள்வி. உதாரணத்துக்கு, வறட்சியைச் சமாளிக்க ஒரு போர்வெல். இதனால் யாருக்கு நஷ்டம் வரும்? "யாருக்கும் இல்லை" என்று திட்ட அறிக்கை சொன்னால், எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றே அர்த்தம்.

கணக்கு எளிது. ஒரு கைபம்பில் மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் வரும். பத்து மணி நேரம் ஓயாமல் அடித்தால் 10,000 லிட்டர். தலைக்கு 20 லிட்டர் என்றால் 500 பேருக்குப் போதும். கடும் வெயிலில் ஒரு மாடு நாளுக்கு 30 லிட்டர் குடிக்கும். 300 மாடுகள் வந்து நின்றால் 9,000 லிட்டர் காலி. குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கும் மந்தையை ஓட்டி வந்தவர்களுக்கும் வாய்ச்சண்டை அங்கேதான் தொடங்குகிறது. கால்நடைத் தொட்டியைக் குடிநீர்க் குழாயிலிருந்து தள்ளிக் கட்டி, மந்தை வந்துபோக வயலைத் தொடாத பாதை ஒன்றையும் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் செலவைக் குறைக்கச் சொன்னால் மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது அந்தத் தொட்டிதான்.

பெரிய மோட்டார் போட்டுவிட்டால் தீர்ந்ததா? அது வேறு வம்பு. ஆண்டு முழுக்கத் தண்ணீர் கிடைத்தால் மந்தைகள் நகராது, சுற்றுவட்டாரப் புல் மொட்டையாகிவிடும். கென்யாவின் இசியோலோவில் போரானா மக்களின் 'தேதா' என்ற மேய்ச்சல் அமைப்பு, எந்த நீர்நிலையை எந்தப் பருவத்தில் திறப்பது, வெளியூர் மந்தைகளை எந்த நிபந்தனையில் விடுவது என்பதையெல்லாம் தானே முடிவு செய்யும். அப்படி ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு 'நீர் பயனாளர் குழு'வை உருவாக்குவது, ஒரே கிணற்றுக்கு இரண்டு அதிகாரிகளை நியமிப்பதற்குச் சமம்.

இப்படிப்பட்ட மானியம் தரும் ஐ.நா. மூலதன வளர்ச்சி நிதியத்தின் 'லோக்கல்' திட்டம் 2011-இல் பூட்டானிலும் கம்போடியாவிலும் தொடங்கியது. உள்ளாட்சிக்குப் பணம் போகும் அதன் முறை பிறகு ஐ.எஸ்.ஓ. 14093 என்ற சர்வதேசத் தரநிலையாகவும் வந்தது. அதில் மூன்று கைப்பிடிகள் உண்டு: பணம் பெறக் குறைந்தபட்ச நிபந்தனைகள், செலவிடக்கூடிய பணிகளின் பட்டியல், ஆண்டுதோறும் செயல்திறன் மதிப்பெண். மோதல் பற்றிய கேள்விகள் இந்த மூன்றுக்குள்ளும் உட்கார வேண்டும். தனியாக எழுதி வாங்கும் 'மோதல் ஆய்வறிக்கை' அலமாரிக்குத்தான் போகும்.

நிபந்தனையில் வைக்க வேண்டியது: யாரைக் கேட்டீர்கள், எந்த மாதத்தில் கேட்டீர்கள்? சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் மழைக்காலத்தில் மந்தைகள் வடக்கே போய்விடும், அறுவடைக்குப் பிறகுதான் தெற்கே திரும்பும். ஆகஸ்டில் கூட்டம் போட்டால் விவசாயிகள் மட்டுமே இருப்பார்கள். ஏரிக்கரையில் காய்கறித் தோட்டத்துக்கு வேலி போடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறும். மந்தை திரும்பும்போது தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும். கூட்டப் பதிவேட்டில் தேதியும், பருவத்தில் வந்துபோகிறவர்களின் பிரதிநிதி கையெழுத்தும் இல்லையென்றால் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

பணிப் பட்டியலில் சிமென்ட் மட்டும் இருந்தால் போதாது. மேய்ச்சல் பாதைக்கு எல்லைக்கல் நடுவது, இரண்டு ஊராட்சிகள் சேர்ந்து ஒப்பந்தம் பேசுவது, அதற்கான பயணப்படி, சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர் கூலி எல்லாம் தகுதியான செலவாக எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து எந்த அலுவலரும் கைவைக்க மாட்டார். என்னைக் கேட்டால் மானியத்தில் பத்து சதவீதத்தை இதற்கென்று ஒதுக்கிவிடலாம்.

நிலத்தைத் திருத்தும் வேலைகளில் கூடுதல் கவனம் தேவை. பாறையாகிப்போன மண்ணில் ஸாய் குழி (மழைநீரையும் எருவையும் பிடித்துவைக்கும் சிறு நடவுக்குழி) வெட்டி, கல்வரப்பு கட்டி விளைச்சல் வரவைப்பவர் பல இடங்களில் நிலத்தின் சொந்தக்காரர் இல்லை. பெண்களும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் கைமாற்றாக வாங்கிய நிலம் அது. மண் தேறியதும் உரிமையாளர் திரும்பக் கேட்பார். மரம் நடுவது இன்னும் ஆபத்து: வழக்காற்று நில உரிமையில் பல சமூகங்களுக்கு மரம் நட்டவனுக்கே நிலம், அதனாலேயே இரவல் நிலத்தில் நட விடமாட்டார்கள். எத்தனை ஆண்டு, அறுவடை யாருக்கு, மரம் யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே, சாட்சிகளை வைத்து எழுதி வாங்குங்கள். மண் தேறிய பிறகு பேரம் பேச உழுதவரிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

மதிப்பெண்ணில்தான் நல்ல எண்ணம் அதிகமாகச் சறுக்குகிறது. 'மோதல்களின் எண்ணிக்கை குறைந்ததா' என்று அளந்தால் அடுத்த ஆண்டே எண்ணிக்கை குறைந்துவிடும், காகிதத்தில். புகார் பதிவானதா, 30 நாளுக்குள் பதில் போனதா என்று அளப்பது மேல். புகார் பெட்டி ஊராட்சித் தலைவரின் அறை வாசலில் இருக்கக் கூடாது. புகார்தாரரின் பெயரும், இடக்குறியோடு எடுத்த புகைப்படமும் பொது அறிக்கைக்குப் போகக் கூடாது. ஆயுதக் குழுக்கள் நடமாடும் பகுதியில் அது உயிருக்கே உலை.

இன்னொரு ஓட்டை: சண்டை நடந்த ஆண்டில் ஊராட்சியால் பணத்தைச் செலவழிக்க முடியாது. மதிப்பெண் விழும், அதனால் அடுத்த ஆண்டு மானியமும் விழும். தேவை அதிகமான இடத்துக்குப் பணம் குறைவாகப் போகும். அந்த ஆண்டைக் கணக்கில் எடுக்காமல், மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் விதி முதல் ஒப்பந்தத்திலேயே வேண்டும். சண்டை வெடித்த பிறகு அமைச்சகத்தில் கேட்டால் கோப்பு நகராது.

கட்டி முடித்ததும் முடிவு ஆய்வை நடத்திவிடாதீர்கள். முதல் கோடை கடக்கட்டும், அப்போதுதான் தொட்டியருகே யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பது தெரியும். அதுவரை நிறுத்தி வைக்க வேண்டியது ஒப்பந்ததாரரின் பணம் அல்ல, அவர் வேலையை முடித்துவிட்டார். ஊராட்சிக்கு அடுத்துப் போக வேண்டிய தவணையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள்.