அக்காவிடம் நான் கேட்கவில்லை

ஜூன் 4, செவ்வாய்

வார்டு டிவியில் ஓட்டு எண்ணிக்கை. எல்லாருக்கும் கண் அங்கே. எனக்கு டயாலிசிஸ் மெஷின் எவ்வளவு நீர் இழுக்கிறது என்பதில். நாலு மணி நேரம் முடிந்து எழுந்தபோது கால் பின்னியது. எடை கூடி வந்ததற்கு சிஸ்டரிடம் திட்டு வேறு.

வீட்டில் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி அவித்த மரச்சீனி, உப்பில்லாத மீன்கறி. திண்ணையில் மட்டி வாழைக்குலை பழுத்துத் தொங்குகிறது. தொடக்கூடாது. இளநீரும் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு வரக்கூடாத நோய் இது.

ஜூன் 5, புதன்

தம்பி சவுதியில் தமாமிலிருந்து கூப்பிட்டான். எனக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று லீவில் வந்து டெஸ்ட் எடுத்துவிட்டுப் போனானே, அதன் முடிவு. "டாக்டர் ஒத்துவராதுன்னு சொல்லிட்டாருண்ணே." என்ன காரணம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே வெயில் எப்படி என்று விசாரித்தேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?

ஜூன் 6, வியாழன்

பொருந்தாது என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. வார்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொடுக்க வந்தவர் டாக்டரிடம் தனியாக "எனக்கு மனசில்லை" என்று சொல்லிவிட்டால், குடும்பத்திடம் "மருத்துவ ரீதியாக ஒத்துவராது" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். சாகும்வரை யாருக்கும் தெரியாது. நல்ல ஏற்பாடுதான். நான் டாக்டராக இருந்தாலும் அதையே செய்வேன்.

ஆனால் தம்பியுடையது எந்த வகை?

ஊசி குத்திய கையை அசைக்காமல் நாலு மணி நேரமும் இதையே யோசித்தேன். அவனுக்குச் சர்க்கரை ஆரம்பமாக இருக்கலாம். பிரஷர் இருக்கலாம். அவன் பெண்டாட்டி அழுதிருக்கலாம். இரண்டு சின்னப் பிள்ளைகள், வெளிநாட்டு வேலை. அவன் இடத்தில் நான் இருந்தால்? தெரியாது. தெரியாது என்று எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 8, சனி

மகள் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறாள். சட்டம் படிப்பவளுக்கு எதற்கும் ஒரு கேஸ் உண்டு. 1978-ல் அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜை வேண்டிய ஒருவர், பொருந்திவந்த தன் ஒன்றுவிட்ட சகோதரனைக் கட்டாயப்படுத்தச் சொல்லி கோர்ட்டுக்குப் போனாராம். மறுப்பது தர்மமில்லை, ஆனால் ஒரு மனுஷன் உடம்பில் கைவைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். கேஸ் போட்டவர் சில வாரங்களில் இறந்துபோனார்.

"அப்பா, நான் தாரேன்" என்றாள் பிறகு, கேஸோடு கேஸாக. இனி அந்தப் பேச்சை எடுத்தால் டயாலிசிஸுக்கே போகமாட்டேன் என்று கத்தினேன். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை, அந்த வழி முன்பே அடைபட்டது.

மகள் என்றால் கத்துகிறேன். அக்கா என்றால்?

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து அக்கா நேரே இங்கே வந்தாள். குலசேகரத்திலிருந்து பஸ்சில், மழையில், கையில் ரிசல்ட் கவர். ரத்தம் ஓ என்பது தெரிந்ததுதான். ஓ ரத்தக்காரனுக்கு ஓ தான் பொருந்தும். திசுப் பொருத்தம் பாதி. உடன்பிறந்தவர்களில் முழுசாகப் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்பு, பாதிக்கு நாலில் இரண்டு, ஒன்றுமே பொருந்தாமல் போவது நாலில் ஒன்று. பாதியே போதும் என்கிறார் டாக்டர், மருந்து அப்படி வளர்ந்துவிட்டதாம்.

நான் கேட்கவில்லை. அவளாகத்தான் டெஸ்டுக்குப் போனாள். இதைப் பத்துத் தடவை எழுதிவைத்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. கேட்காமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கேட்பதைவிட மோசமில்லையா?

"அத்தான் என்ன சொல்லுதாவ?"

"அவிய சொல்லதுக்கு என்ன கெடக்கு? எனக்கு ஒண்ணும் வேண்டாம்லே, நீ நல்லா இருந்தாப் போதும்."

அதே வாக்கியம்.

ஜூன் 11, செவ்வாய்

தூக்கமில்லை.

ஜூன் 12, புதன்

1992. சார்பதிவாளர் ஆபீஸ். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அப்படித்தான் இந்தப் பக்கத்து அக்காமார் எல்லாரும் வெறுங்கையோடு போனார்கள். 1986-ல் மேரி ராய் வழக்கில் அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகையால் எங்கள் அப்பா சொத்தில் அக்காவுக்குச் சரிபங்கு. எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வெளியே வந்து எனக்கும் தம்பிக்கும் நாரங்காவெள்ளம் வாங்கித் தந்தாள், அவள் காசில். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க நல்லா இருந்தாப் போதும்."

தம்பி தன் பாதியை விற்று வீடு கட்டினான். என் பாதியில் ரப்பர் நிற்கிறது. அத்தான் இந்த வயசிலும் ஊரான் மரத்தில் பால்வெட்டுகிறார்.

ஜூன் 13, வியாழன்

ஊசி போட்டதும் மகளுக்கு போன் பண்ணினேன். ரப்பர் விளையில் அக்கா பங்கை அவள் பேருக்கே எழுதிவிடலாம், ஆபரேஷனுக்கு முன்னால், என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"அப்பா, இப்ப எழுதினா அதுக்குப் பேரு விலை."

1994 உறுப்பு மாற்றுச் சட்டம். உறுப்புக்குப் பணமோ பொருளோ கைமாறினால் ஐந்து முதல் பத்து வருஷம் ஜெயில், 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். நீங்க பழைய கடனைத் தீர்க்கிறீங்கன்னு எந்த அதிகாரி நம்புவார் என்றாள். ஆபரேஷன் முடிந்து எழுதினாலும் கேள்வி வரும்.

முப்பது வருஷமாக எந்த நாளிலும் எழுதிக் கொடுத்திருக்கலாம். இப்போது நியாயம் செய்தால் குற்றம். செய்யாவிட்டால் அவளிடம் இரண்டாம் தடவையும் சும்மா வாங்குகிறேன். சட்டத்தில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது இல்லாவிட்டால் ஏழை வீட்டு அக்கா தங்கச்சி ஒருத்தி உடம்பும் மிஞ்சாது. இப்போதே உயிரோடு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், வாங்குகிறவர்களில் ஆண்கள். என் வார்டிலேயே பார்க்கிறேன். பக்கத்துக் கட்டில் தக்கலைக்காரருக்கு அவர் பெண்டாட்டி. எதிர்க்கட்டில் பையனுக்கு அம்மா.

ஜூன் 15, சனி

பிரஷர் இறங்கி பாதியில் நிறுத்தினார்கள். வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மழை. ரப்பரில் பால்வெட்டு இல்லை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். எனக்கு இன்றைக்கு அனுமதி கஞ்சித்தண்ணீரையும் சேர்த்து ஒரு லிட்டருக்குள்.

அக்காவின் மூத்த மகனுக்குச் சம்மதமில்லை என்று பெண்டாட்டி கேள்விப்பட்டு வந்தாள். அவன் சொல்வதில் என்ன தப்பு? ஆபரேஷனில் கொடுப்பவர் சாவது பத்தாயிரத்தில் மூன்று பேர் என்கிறார்கள். குறைவுதான், எனக்கு. அவனுக்கு அம்மா ஒருத்தி.

ஜூன் 19, புதன்

திருவனந்தபுரம். களியக்காவிளை தாண்டும்வரை அக்கா பேசிக்கொண்டே வந்தாள், கோழிக்குத் தீனி வைக்க ஆள் சொன்னது முதல்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். பெண் கொடுப்பதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவள் சுயமாகச் சம்மதிக்கிறாளா என்று வாங்குகிறவன் அல்லாத ஒருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2014 விதியிலேயே இருக்கிறது. அண்ணன் தம்பிகளை நன்றாகத் தெரிந்தவர் யாரோ எழுதியிருக்கிறார்.

கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் "மனசில்லை" என்று சொல்லட்டும் என்று ஜெபித்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் ஜெபித்தேன். இரண்டும் உண்மை, அடுத்தடுத்த நிமிஷத்தில்.

ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே வந்தவள், "வா, சாயா குடிப்போம்" என்றாள். "உனக்குப் பாதி கிளாஸ்தான்."

என்ன கேட்டார்கள் என்று கேட்டேன்.

"அத நீ கேக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ."

திங்கட்கிழமை போனில் சொல்வார்களாம்.

ஜூன் 20, வியாழன்

தம்பி பணம் அனுப்பியிருக்கிறான். நான் கேட்டதைவிட அதிகம். இவ்வளவு எதற்கு என்று யோசிக்காமலிருக்க முடியவில்லை. பாவம், நல்ல மனசோடும் அனுப்பியிருப்பான்.

ஜூன் 22, சனி

போன் எதுவாக இருந்தாலும், "ஒத்துவராது" என்றால் ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. தம்பியிடமும் இனி கேட்கப்போவதில்லை. பெண்டாட்டியிடமும் சொல்லி வைத்துவிட்டேன்: யாரும் நோண்டக்கூடாது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூன் 24, திங்கள்

மத்தியானம்வரை போன் இல்லை. அக்காவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, விளையில் நிற்பாள்.

நாலு மணிக்கு அவள் மூத்த மகன் பேசினான். "மாமா, வீட்டில இருக்கியளா? கொஞ்சம் தனியாப் பேசணும்." ஏழு மணிக்கு வருகிறானாம். ரப்பர் விளைப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று எனக்கே...